அறுபத்தெட்டாம் நம்பர் எண்ணெய்

எங்கள் வீட்டில் வாளி என்று எதைத் தூக்கினாலும் அது முன்னொரு காலத்தில் எண்ணெய் வாளியாக இருந்திருக்கும். குளியலறையில் தண்ணீர் பிடித்து வைப்பது, பால்கனியில் கறிவேப்பிலைச் செடி நிற்பது, வெங்காயமும் உருளைக்கிழங்கும் கிடப்பது, துணி கிளிப்புகள் போட்டு வைப்பது எல்லாமே என் வீட்டுக்காரர் பஸ் தொழிலில் சேர்த்த வாளிகள்தான். இன்ஜின் எண்ணெயை இங்கே எல்லாரும் மின்யாக் ஹித்தாம் என்பார்கள், கறுப்பு எண்ணெய். ஊற்றும்போது தேன் நிறத்தில் இருப்பதற்கு ஏன் அப்படிப் பெயர் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். "வெளிய வர்றப்ப பாரு" என்றார்.

அந்த வாளிகளை நான் அப்படியே வீட்டுக்குள் விட்டதில்லை. சோப்புத் தூளும் கம்பி நாரும் போட்டு, மேலே ஒட்டியிருக்கும் கம்பெனிப் படமும் எழுத்தும் உரிந்து போகும்வரை தேய்ப்பேன். நம் வீடு வீடு மாதிரி இருக்க வேண்டாமா, வர்க்‌ஷாப் மாதிரியா இருக்கும்? அப்படி விழுந்து விழுந்து தேய்த்தது பின்னால் எனக்கே வினையாக வந்தது.

நாங்கள் ஆயர் ஈத்தாமில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள். ஓட்டியவர் அவர். நான் கதவோரம் நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள். அவருக்குச் சர்க்கரை வந்து கண் மங்கத் தொடங்கியபோது, எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் பஸ் லைசென்ஸ் எடுக்க வைத்தார். எடுத்தேனே தவிர, அவர் இருக்கும்வரை அந்த இருக்கையில் உட்கார்ந்து ரோட்டில் ஓட்ட எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. போன வருஷம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே சரிந்தார். நெஞ்சுவலி என்று சொல்லக்கூட அவருக்கு நேரம் இல்லை. காரியம் முடிந்ததும் பஸ்ஸை நான் எடுத்தேன். துக்க வீட்டுக்காரி இத்தனை சீக்கிரம் வெளியே வரலாமா என்று இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அவர்களா தூக்கிக்கொண்டு போய் விடப் போகிறார்கள்?

ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். பஸ் இல்லாவிட்டால் என்னோடு பேச ஆளே இல்லை. ஒரே மகள், சிங்கப்பூரில் வேலை, வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். காலையில் ஏறும்போது "குட் மார்னிங் ஆண்ட்டி", மத்தியானம் இறங்கும்போது "பாய் ஆண்ட்டி", நடுவில் இவன் என்னைக் கிள்ளினான், அவள் என் பென்சிலை எடுத்தாள் என்று பஞ்சாயத்து. என் நாளில் மனிதக் குரல் என்பது அவ்வளவுதான். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அதுவும் நின்றுபோகும். சில நாள் சாயங்காலம் கடையில் ரொட்டி கேட்க வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். அன்றைக்கு நான் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று அப்போதுதான் தெரியும்.

அவர் போன பிறகு வந்த முதல் நீண்ட விடுமுறையில்தான் இது நடந்தது. வருஷக் கடைசி விடுமுறையில் எண்ணெய் மாற்றுவது அவர் வழக்கம். எண்ணெயை நாங்கள் இருக்கும் தீவில் வாங்க மாட்டார். மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி அக்கரைக்குப் போய், பாகான் டாலாமில் தெரிந்த கடையில் வாங்கி, வாளியைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். எந்தக் கடை, என்ன எண்ணெய் என்று நான் கேட்டதே இல்லை. புருஷன் வாங்குகிற எண்ணெயின் பெயரை எந்தப் பெண்சாதி கேட்கிறாள்?

பஸ்களை நிறுத்தி வைக்கும் திடலில் மற்ற டிரைவர்களிடம் கேட்டேன். ஆளுக்கோர் எண்ணெய் நம்பர் சொன்னார்கள். ஒருவர், "பதினஞ்சு நாப்பது போடுங்கக்கா, இப்ப எல்லாரும் அதான்" என்றார். இன்னொருவர், "பழைய இன்ஜினுக்கு அது தண்ணி லா! வெறும் நாப்பது போடுங்க, கெட்டியா இருக்கும்" என்றார். மூன்றாவது, என் பஸ்ஸுக்குப் பக்கத்தில் பஸ் நிறுத்துகிற தம்பி. அவனிடம் ஏற்கெனவே இரண்டு பஸ் உண்டு, என்னுடைய பள்ளிக்கூட ரூட்டின் மேல் ஒரு கண்ணும் உண்டு. "எதுக்குக்கா இந்தச் செரமம்? எனக்குக் குடுத்துட்டு நிம்மதியா மக வீட்டுல போயி இருங்க" என்றான். எண்ணெய் விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மற்ற இருவரும் இதற்கு மட்டும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் என்ன ஊற்றினாரோ அதையே ஊற்றுவேன், உங்கள் யோசனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து வாளி வாளியாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை வெளேர். ஓர் எழுத்து மிச்சமில்லை. கடைசியில் துணி கிளிப் வாளியில்தான், பின்பக்கம், நான் தேய்க்கச் சோம்பல்பட்ட ஓர் இடத்தில், கம்பெனிப் படத்தில் பாதியும் ஒரு நம்பரும் இருந்தன. அறுபத்தெட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்பதே கெட்டி என்றால் அறுபத்தெட்டு எவ்வளவு கெட்டி! என் வீட்டுக்காரரும் அப்படிப்பட்டவர்தான். காற்சட்டைத் துணி, செருப்பு, காப்பி, எதுவானாலும் கெட்டியாக இருக்க வேண்டும் அவருக்கு.

மறுநாள் காலையில் பஸ்ஸில் இருந்த பழைய எண்ணெயை வடித்துவிட்டு, பழைய ஃபில்டரைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மார்க்கெட் பக்கத்தில் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதில் பெரியவர், தமிழ் முஸ்லிம், நாலு வார்த்தை பேசுகிற இடத்தில் இரண்டு பேசுகிறவர். ஃபில்டர் வாங்குவதில் நான் ஏமாறவில்லை. எத்தனையோ வருஷம் அதை என் கையால்தான் என் வீட்டுக்காரரிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் இரண்டு ஃபில்டர்களை மேஜையில் வைத்தார். ஒன்று பளபளவென்று இருந்தது, கையில் எடுத்தால் காலி டப்பா கனம். இன்னொன்று பார்க்க அழுக்குப் பச்சை, ஆனால் கனமாக இருந்தது. இரண்டையும் கவிழ்த்து, ரப்பர் வளையத்தை விரலால் அமுக்கிப் பார்த்தேன். பளபளப்பானதில் வளையம் கட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. பச்சையில் விரலுக்கு மெத்தென்று அமுங்கியது. பழையதன் வளையத்தோடு அளந்தும் பார்த்துவிட்டுப் பச்சையை எடுத்துக்கொண்டேன். டீசல் ஃபில்டரையும் அப்படியே பார்த்து எடுத்தேன்.

"எண்ணெய் ஒரு வாளி வேணும்ண்ணே. அறுபத்தெட்டு" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "எதுக்குக்கா இது?"

"பஸ்ஸுக்குத்தான். பின்ன என்ன, தோசை சுடவா?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வாளி வந்தது. மேலே ஹைட்ராலிக் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்தேன், படிக்காமல் இல்லை. எண்ணெய் வாளிகளில் சூப்பர், டர்போ, பிரீமியம் என்று எதையாவது எழுதித்தானே விற்கிறார்கள், இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தேன்.

எண்ணெய் மாற்றுவது எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. பழைய மாடல் என்பதால் இன்ஜினை நிறுத்த ஒரு குமிழை இழுக்க வேண்டும். அந்தக் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால், இன்ஜின் பிடிக்காமல் சும்மா சுழன்று புது எண்ணெயை மேலே ஏற்றும். பிரஷர் காட்டும் முள் கொஞ்சம் எழும்பிய பிறகுதான் குமிழை விட்டு இன்ஜினைப் பிடிக்க வைக்க வேண்டும். அதைச் செய்வது நான், டிரைவர் இருக்கையில். அவர் கீழே படுத்து, ஃபில்டர் ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பார். இன்ஜின் சூடாகும்வரை இரண்டு பேரும் அவரவர் இடத்திலேயே இருப்போம். கீழேயிருந்து, "முள்ளு எங்க?" என்று கத்துவார். "நடுவுல!" என்று நான் கத்துவேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார், மறுபடியும் சொல்வேன். கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் சண்டை போடாமல் பேசிக்கொண்ட நேரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தத் தடவை இரண்டு பேர் வேலையையும் நானே செய்தேன். ஃபில்டரின் வளையத்தில் எண்ணெய் தடவி, உள்ளே பாதி எண்ணெய் ஊற்றி, கையால் முடுக்கி, அதற்கு மேல் கொஞ்சம் இறுக்கினேன். மேலே ஏறி ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டேன். முள் எழும்பியது. இறங்கி ஓடிக் கசிவு பார்த்தேன், மறுபடி ஏறினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்து, பஸ்ஸை எடுத்துக்கொண்டு பாயா தெருபோங் மேட்டில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

திடலுக்குள் திரும்பி வந்து நிறுத்தியதும் முள்ளைப் பார்த்தேன். இன்ஜின் நன்றாகச் சூடாகி, சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அவருக்குக்கூட அது நான் சொல்லித்தான் தெரியும். அது நடுவில் இல்லை. கீழே, சிவப்புக் கோட்டை ஒட்டி, உயிர் போகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. குமிழை இழுத்து அணைத்தேன்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் கடையை விட்டு வந்துவிட்டார், அதை நான் மறக்க மாட்டேன். அளவுக் கம்பியை உருவி, எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அக்கா, இது கிரேன், ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஊத்தற எண்ணெய். நான் காலையிலயே எதுக்குன்னு கேட்டேன், நீங்க ஏசுனீங்க."

"அறுபத்தெட்டு கெட்டியில்லையாண்ணே?"

"அந்த நம்பர் கணக்கு வேற, இன்ஜின் எண்ணெய் நம்பர் கணக்கு வேற. இந்த அறுபத்தெட்டு அந்த நாப்பதவிடத் தண்ணி லா. சூடாச்சுன்னா இன்னும் தண்ணி."

"எங்க வீட்டுக்காரர் வாளியில பார்த்துத்தாண்ணே வாங்குனேன்."

"லோரிக்காரங்க யாராச்சும் காலி வாளிய குடுத்திருப்பாங்க. எல்லாரும் குடுக்கறதுதானே."

இதை உடனே வடித்துவிட்டு, புது ஃபில்டர் போட்டு, டீசல் இன்ஜினுக்கு என்று வாளியிலேயே எழுதியிருக்கும் பதினைந்து நாற்பதை ஊற்றச் சொன்னார். பழைய இன்ஜின்தான், ஆனால் புகை இல்லை, எண்ணெய் குடிக்கவில்லை, அதற்கு மேல் கெட்டி தேவையில்லை என்றார். "ஊத்தி நல்லா சூடாகவிடுங்க. முள்ளு பழைய எடத்துக்கு வந்துச்சுன்னா பொழைச்சீங்க. வரலன்னா உள்ள பேரிங் தேஞ்சிருச்சு. இன்ஜின எறக்கணும்." இந்த வயதான பஸ்ஸுக்கு இன்ஜினை இறக்குவது என்றால் பஸ்ஸின் கதை முடிந்த மாதிரிதான். பள்ளி திறக்கும்போது பஸ் வராவிட்டால் பெற்றோர் வேறு பஸ் பார்த்துக்கொள்வார்கள். போன பிள்ளைகள் திரும்ப வர மாட்டார்கள்.

அன்று வீட்டில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யாரோ கொடுத்த காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பால்கனியில் வைத்தது யார்? எந்தக் கடை, என்ன எண்ணெய் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனது யார்? நன்றாகச் சத்தம் போட்டுக் கேட்டிருப்பேன். கேட்க ஆள் இல்லை. செத்தவர்மேல் கோபம் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சோறு ஆக்கினேன், சாப்பிடவில்லை.

மறுநாள் மழை விட்ட பிறகு மறுபடியும் பஸ்ஸுக்கு அடியில் படுத்தேன். பக்கத்து பஸ் தம்பி வந்து குனிந்து பார்த்தான்.

"என்னக்கா, நேத்துதானே மாத்துனீங்க?"

"ஃபில்டர் சரியில்ல."

"வயசான பஸ்ஸுக்கா. நான் சொன்னத யோசிச்சுப் பாருங்க."

அவன் கெட்டவன் இல்லை. இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து முள்ளைப் பாரப்பா என்று கேட்டிருந்தால் உட்கார்ந்திருப்பான். ஆனால் முள் ஏறாமல் போனால் அதை முதலில் பார்ப்பது அவன் கண்ணாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். யோசிக்கிறேன் தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஃபில்டரை மாற்றி, எண்ணெய் ஊற்றி, இன்ஜினைப் பிடிக்க வைத்தாகிவிட்டது. இனி சூடாகும்வரை கீழேயும் பார்க்க வேண்டும், மேலேயும் பார்க்க வேண்டும். நேற்று ஓடி ஓடி ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கியிருந்தது. அதனால் கைப்பேசியை டேஷ்போர்டில் துணியால் முட்டுக் கொடுத்து நிறுத்தி, முள் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கவிட்டு, கீழே போய்ப் படுத்தேன். உண்மையைச் சொன்னால், முழங்கால் ஒரு சாக்கு. அந்த முள் ஏறாமல் கிடப்பதை நேரில் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஃபில்டர் ஓரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். தலைக்கு மேலே இன்ஜின் ஓடியது. முதுகுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. மனசுக்குள் இருந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

இரும்பின் சூடு முகத்தில் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் வெளியே வந்தேன். ஃபில்டரில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். முள் நடுவில் நின்றது. நடுக்கம் இல்லை. பழைய இடம், அதே இடம். இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வெளியே தம்பி அவன் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனிடம் போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். நேற்று என்ன ஆனது என்று தெரியாதவனிடம் முள் நடுவில் நிற்கிறது என்றால் என்ன புரியும்? இன்ஜினை அணைத்துவிட்டு, வீடியோவை அப்படியே மகளுக்கு அனுப்பினேன். 'பஸ் சரியாகிவிட்டது' என்று கீழே எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. வேலை நேரம், பாவம், அவளும் வேறென்ன செய்வாள்? ஆனாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, வேலை விட்டு பஸ்ல வர்றப்ப அந்த வீடியோவ முழுசா பார்த்தேன்."

"முழுசாவா? ஒண்ணும் இல்லையேடி அதுல. முள்ளு மட்டும்தானே?"

"முள்ளு மட்டும்தான். ஆனா நீங்க கீழ இருந்து யார்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கீங்க?"

"நானா? நான் எங்க பேசுனேன்?"

"கத்துறீங்கம்மா. 'முள்ளு எங்க, முள்ளு எங்க'ன்னு. கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்க, திரும்பக் கத்துறீங்க. மேல யாரு உக்காந்திருந்தா?"

நான் கத்தியது எனக்கே தெரியாது. அடியில் படுத்திருந்த நேரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு சாமி கும்பிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பஸ் தம்பி, யாராவது டிரைவர் என்று அவளிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். தனியாக அந்த வேலையைச் செய்தேன் என்று தெரிந்தால் கத்துவாள், பஸ்ஸை விற்கச் சொல்வாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"யாரும் இல்ல" என்றேன்.

அவர் போனதிலிருந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்ட எல்லாருக்கும் எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லிவந்தேன். பஸ் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பேன். அந்த இரண்டு வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "யாரும் இல்லம்மா, மேல யாரும் இல்ல" என்று அவள் கேட்காமலே மறுபடி மறுபடி சொன்னேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

மகள் பஸ்ஸை விற்கச் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கிறவரை போனை வைக்காமல் இருந்தாள்.